இருசில்லு உழவு இயந்திரம்: கியர்ப்பெட்டியைத் திறக்குமுன் பார்க்க வேண்டியவை

வாய்க்காலில் நீர் விடப்படும் நாளும், மாரி மழையால் வயல் பதமாகும் நாளும் கமக்காரருக்காகக் காத்து நிற்பனவல்ல. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நிச்சயிக்கப்பட்ட நாளில் உழவு தொடங்காவிடின் விதைப்புப் பிந்தும். விதைப்புப் பிந்திய வயல், கதிர் முற்றும் காலத்தில் நீரின்றி வாடவும் கூடும். அத்தகைய நாளொன்றில் எஞ்சின் நன்றாக முழங்கிக்கொண்டிருக்க, உழவு இயந்திரம் மாத்திரம் சேற்றில் நகராது நின்றுவிடின், "கியர்ப்பெட்டி போய்விட்டது" என்ற முடிவுக்கே பலரும் உடனே வருகின்றனர். அதன்பின் பெட்டி திறக்கப்படுகின்றது, பற்சில்லுகள் சாக்கின்மேல் பரப்பப்படுகின்றன, உழவு நாட்கள் கழிகின்றன, பணமும் செலவாகின்றது.

இம்முடிவுக்கு அவசரப்பட்டு வருதல் ஆகாது. எஞ்சினிலிருந்து சில்லுவரை சக்தியைக் கொண்டு செல்லும் உறுப்புக்கள் பலவாகும். அவற்றுள் தேய்வதற்கென்றே அமைந்தவையும், அடிக்கடி தளர்பவையும் கியர்ப்பெட்டிக்கு வெளியே உள்ளன. வெளியே உள்ளவற்றை ஒழுங்காகப் பார்த்து முடித்த பின்னரே பெட்டியைச் சந்தேகித்தல் வேண்டும். இவ்வொழுங்கையும், வீட்டிற் செய்யத்தக்க திருத்தங்களையும், வீட்டிற் செய்யத்தகாதவற்றையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

இருசில்லு இயந்திரத்தை இன்றும் பலர் லாண்ட்மாஸ்டர் என்றே அழைப்பர். 1950 களில் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்த்தன வடிவமைத்து, இங்கிலாந்தில் உற்பத்தி செய்யப்பட்ட இயந்திரத்தின் பெயர் அது. பின்னர் யப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வேறு பல இயந்திரங்கள் வந்தபோதும் அப்பெயர் நிலைத்துவிட்டது. எந்நாட்டு இயந்திரமாயினும் சக்தி செல்லும் வழி பெரும்பாலும் ஒன்றே.

1. சக்தி செல்லும் வழி

உழவின்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 முறை சுழலுகின்றது. அதே வேளையில் சில்லு நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 முறையே சுழலுகின்றது. இவ்வாறு வேகத்தை நூறிலொரு பங்காகக் குறைப்பதனாலேயே சிறிய எஞ்சின் ஒன்று சேற்றைக் கிழித்துச் செல்லும் வலுவைப் பெறுகின்றது. வேகம் எவ்வளவு குறைகின்றதோ, உராய்வினால் இழக்கப்படுவது போக, திருகும் வலு ஏறக்குறைய அவ்வளவு பெருகும்.

இச்சக்தி பின்வரும் ஒழுங்கில் செல்லுகின்றது. முதலாவது, எஞ்சினின் கப்பி. இரண்டாவது, பெல்ற் எனப்படும் வார்ப்பட்டிகள். மூன்றாவது, கிளச்சுக் கப்பியும் அதனுள் இருக்கும் கிளச்சுத் தட்டுகளும். நான்காவது, கியர்ப்பெட்டியிலுள்ள பற்சில்லுகள். ஐந்தாவது, வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் தனித்தனியே உள்ள திருப்பும் கிளச்சுகள். ஆறாவது, அச்சுக்களும் சில்லுகளும்.

எஞ்சின் ஓடும்போது இயந்திரம் நகராவிடின், இவ்வழியில் எங்கோ ஓரிடத்திற் சக்தி தடைப்பட்டுள்ளது என்பதே பொருள். வாய்க்காலில் நீர் வராதபோது மதகிலிருந்து தொடங்கி வாய்க்கால் வழியே நடந்து உடைப்பைத் தேடுவதுபோல, இங்கும் எஞ்சினிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லுதல் வேண்டும்.

2. கைவைக்குமுன்

பழுது பார்க்கும்போது ஏற்படும் விபத்து, பழுதிலும் பெரிய நட்டமாகும். ஆகவே பின்வருவனவற்றைத் தவறாது அனுசரித்தல் வேண்டும்.

எஞ்சினை முற்றாக நிறுத்தி, எரிபொருட் குழாயையும் மூடிய பின்னரே பெல்ற்றின் காப்பு மூடியைக் கழற்றலாம். ஓடும் பெல்ற்றில் விரலை வைத்து இறுக்கம் பார்த்தல் கூடவே கூடாது. பெல்ற்றுக்கும் கப்பிக்கும் இடையில் அகப்படும் விரல் மீளாது. காப்பு மூடியைத் திரும்பப் பூட்டாமல் எஞ்சினை இயக்கலாகாது.

சாரத்தின் தொங்கலும் தோளிற் போட்ட துவாயும் கப்பியிற் சுற்றிக்கொள்ளும் தன்மையன. வேலை செய்பவர் சாரத்தை இறுக மடித்துக் கட்டுவதோ, காற்சட்டை அணிவதோ நன்று. துவாயைத் தூர வைத்தல் வேண்டும். சிறுவர்களை அருகில் நிற்க விடலாகாது.

சில்லைத் தூக்க வேண்டியிருப்பின், இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, அடியில் பருத்த மரக்குற்றியை வைத்துத் தாங்கச் செய்தல் வேண்டும். தனிச் செங்கற்களை அடுக்கித் தாங்க வைத்தல் ஆபத்தானது. ஓடி நின்ற இயந்திரத்தின் எண்ணெயும் கிளச்சு மூடியும் மிகச் சூடாக இருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

3. இயந்திரம் சற்றும் நகராவிடின் செய்யும் பரீட்சை

இப்பரீட்சைக்கு ஆயுதம் எதுவும் தேவையில்லை. இருவர் இருந்தாற் போதும்.

இயந்திரத்தைக் கட்டாந்தரையில் நிறுத்துக. எஞ்சினை நிறுத்தி எரிபொருளையும் மூடுக. காப்பு மூடியைக் கழற்றுக. முதலிற் கியரை வெறுநிலையில் வைத்துத் தள்ளிப் பார்த்தல் வேண்டும்; இயந்திரம் இலகுவாக உருளும். பின்னர் மிகக் கூடிய வேகத்துக்குரிய கியரிற் போட்டு, கிளச்சு லீவரைப் பிடித்துக்கொள்ளும் நிலையில் விட்டு, மீண்டும் தள்ளுக. ஒருவர் தள்ளும்போது மற்றவர் கப்பிகளைப் பார்த்தல் வேண்டும். அவற்றிற் கைவைத்தல் ஆகாது.

இயந்திரம் தள்ள முடியாதபடி இறுகி நின்றால், எஞ்சினுக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள இணைப்பு முற்றாக அறுபடவில்லை என்று கொள்ளலாம். சுமை ஏறும்போது மாத்திரம் பெல்ற்றோ கிளச்சோ நழுவுகின்றதா என்பதைப் பின்னர் கூறும் முறைகளால் அறிதல் வேண்டும்.

இயந்திரம் உருள, கிளச்சுக் கப்பியும் கூடவே சுழன்று, எஞ்சினின் கப்பி மாத்திரம் அசையாது நின்றால், பழுது பெல்ற்றில் உள்ளது.

இயந்திரம் உருள, கிளச்சுக் கப்பியும் அசையாது நின்றால், கிளச்சு பிடிக்கவில்லை, அல்லது கியர் சரியாக விழவில்லை, அல்லது திருப்பும் கிளச்சு கழன்று நிற்கின்றது என்பது பொருள். இம்மூன்றையும் அவற்றின் லீவர்களிலும் கம்பிகளிலும் பார்த்து முடித்தும் பயனில்லையாயின், அதன் பின்னரே பெட்டியின் உள்ளே பழுது உண்டு எனக் கருதலாம்.

4. பெல்ற்

பெல்ற் கப்பியின் தவாளிப்பில் அடியிலே தங்கி ஓடுவதன்று. அதன் இரு பக்கங்களும் தவாளிப்பின் சரிந்த சுவர்களில் நெருங்கிப் பிடிப்பதனாலேயே சக்தி கடத்தப்படுகின்றது. தேய்ந்த பெல்ற் தவாளிப்பின் அடியைத் தொட்டுவிடும். அப்போது எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கும். பெல்ற் அடியைத் தொடுமாயினும், தவாளிப்பின் அடி பளபளப்பாகக் காணப்படுமாயினும் புதிய பெல்ற் போட வேண்டிய காலம் வந்துவிட்டது.

பெல்ற் வழுக்குவதற்கு அடையாளங்கள் பின்வருவன: சுமை ஏறும்போது எஞ்சினின் சத்தம் குறையாமலே இயந்திரத்தின் வேகம் குறைதல், கீச்சென்ற ஒலி, றப்பர் கருகும் மணம், நிறுத்திய பின் கப்பி மிகச் சூடாயிருத்தல்.

இறுக்கத்தைப் பார்ப்பதற்கு, எஞ்சின் நின்ற நிலையில் இரு கப்பிகளுக்கும் நடுவே பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்துக. பொதுவாக 20 தொடக்கம் 30 மி.மீ. வரை அது தாழுமாயின் போதுமானது. இயந்திரத்தோடு வந்த கைநூலில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதையே பின்பற்றுதல் வேண்டும். தளர்ந்திருப்பின், எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் நட்டுக்களை இளக்கி, முன்னாலுள்ள இறுக்கும் ஆணியால் எஞ்சினைச் சிறிது முன்னே நகர்த்துக. பின்பு இரு கப்பிகளின் முகங்களின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்து, அவை ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பார்த்து, நட்டுக்களை இறுக்குக. கப்பிகள் நேரில் இல்லாவிடின் புதிய பெல்ற்றும் ஒரு போகத்துக்குத் தாங்காது.

மிக இறுக்குதலும் தவறே. அளவுக்கு மிஞ்சி இறுக்கிய பெல்ற், கிளச்சு அச்சையும் அதன் பெயறிங்கையும் ஓயாது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். வழுக்கலை நிறுத்த எண்ணி இறுக்கிய பெல்ற்றே சில மாதங்களிற் பெயறிங்கை அழிப்பதுண்டு.

பெல்ற்றில் எண்ணெயோ கிறீசோ பட்டிருப்பின், உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் எங்கிருந்து கசிகின்றது என்பதையும் தேடி நிறுத்துதல் வேண்டும். எண்ணெயில் ஊறி வீங்கிய பெல்ற் மீண்டும் பயன்படாது. குங்கிலியம், மெழுகு, சவர்க்காரம் முதலியவற்றைப் பூசிப் பிடிக்கச் செய்தல் ஒரு நாளைக்கு உதவுவதாகத் தோன்றினும், பெல்ற்றையும் கப்பியையும் கெடுத்துவிடும்.

இரண்டு அல்லது மூன்று பெல்ற்றுக்கள் ஒருங்கே ஓடும் இயந்திரத்தில் ஒன்று அறுந்தால், எல்லாவற்றையும் ஒரே வேளையில் மாற்றுதல் வேண்டும். பழையவை நீண்டிருக்குமாதலால், புதிய ஒன்றைமட்டும் போடின் சுமை முழுவதும் அதன்மேலேயே விழுந்து அது விரைவில் அறுந்துவிடும்.

சில சிறிய இயந்திரங்களில் தட்டுக் கிளச்சு இல்லை. லீவரை நகர்த்தும்போது ஒரு சிறு கப்பி பெல்ற்றை அழுத்தி இறுக்குவதே அங்கு கிளச்சாகும். அவற்றில் வழுக்கல் ஏற்படின், லீவரோடு இணைந்த கம்பியையும், சிறு கப்பியை இழுக்கும் வில்லையும் முதலிற் பார்த்தல் வேண்டும்.

5. கிளச்சு

பெல்ற் சரியாக இருந்தும் சுமையில் இயந்திரம் தளர்ந்து, கிளச்சு மூடி சூடேறி, கருகிய மணம் வருமாயின், கிளச்சுத் தட்டுகள் வழுக்குகின்றன எனலாம். இதற்குத் தட்டுகளின் தேய்வு ஒன்றே காரணமன்று.

கிளச்சு லீவரை மெதுவாக அசைத்துப் பார்த்தால், வில்லின் எதிர்ப்பு உணரப்படுவதற்குமுன் சிறிது தூரம் அது தடையின்றி அசையும். இவ்வெற்றசைவு இருத்தல் அவசியம். தட்டுகள் தேயுந்தோறும் வெற்றசைவு குறைந்து கொண்டே வரும். முற்றாக அற்றுப்போயின், கையை விட்ட பின்னரும் கிளச்சு அரைகுறையாகக் கழன்றே நிற்கும். தட்டுகள் வழுக்கிச் சூடேறி மேலும் தேயும். லீவரிலிருந்து கிளச்சுக்குச் செல்லும் கம்பியின் பூட்டு நட்டை இளக்கி, கம்பியின் நீளத்தைத் திருத்தி, கைநூலிற் கூறிய அளவு வெற்றசைவை மீண்டும் உண்டாக்குதல் வீட்டிற் செய்யத்தக்க வேலையே. திருத்திய பின் பூட்டு நட்டை இறுக்க மறத்தலாகாது.

வெற்றசைவு மிதமிஞ்சியிருப்பின் இதற்கு எதிரான தீங்கு உண்டாகும். லீவரை முற்றாக இழுத்தாலும் கிளச்சு முழுவதும் கழலாது. கியர் போடும்போது பற்சில்லுகள் உராய்ந்து "கறகற" என ஒலிக்கும். கியர்ப்பெட்டியின் பழுதெனப் பலர் கருதும் இவ்வொலி, கம்பியைச் சில சுற்றுத் திருகுவதால் நீங்கிவிடுவதுண்டு.

இவை திருத்தமாக இருந்தும் வழுக்கல் நீங்காவிடின், தட்டுகளில் எண்ணெய் பட்டிருத்தல் கூடும். கியர்ப்பெட்டியிலிருந்து வரும் அச்சின் சீல் கிழிந்தால் எண்ணெய் கிளச்சினுட் புகும். கிளச்சு மூடியின் அடியில் எண்ணெய் சொட்டியிருத்தல் இதற்கு அடையாளம். அப்போது தட்டைக் கழுவுவது மாத்திரம் போதாது. சீலையும் மாற்றுதல் வேண்டும். இவ்வேலை பழகியவரைக் கொண்டு செய்விக்கத்தக்கது.

இழுவைப் பெட்டியில் மிதமிஞ்சிய சுமை ஏற்றுவதும், கிளச்சை அரைவாசி இழுத்துப் பிடித்தபடி ஓட்டுவதும் தட்டுகளை விரைவில் அழிக்கும் பழக்கங்களாம்.

6. கியர் விழாமையும் கழன்றுவிடுதலும்

இருசில்லு இயந்திரங்களில் பற்சில்லுகள் பொதுவாக வழுகிச் சென்று ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளுமாறு அமைந்துள்ளன. மோட்டார் வாகனங்களிற்போல அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு அங்கு இல்லை. ஆகையால் இயந்திரத்தை முற்றாக நிறுத்தி, கிளச்சைக் கழற்றி, ஒரு கணம் பொறுத்தே கியர் மாற்றுதல் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பலவந்தமாகக் கியர் மாற்றின் பற்களின் ஓரங்கள் சிதையும். சிதைந்த இரும்புத் துகள்கள் எண்ணெயிற் கலந்து மற்றைய பற்களையும் பெயறிங்குகளையும் அரிக்கும்.

நின்ற நிலையில் கியர் விழாவிடின் லீவரைக் குத்துதல் ஆகாது. பல்லுக்கு நேரே பல் வந்து நிற்பதனால் இவ்வாறு நேரும். கிளச்சை ஒரு முறை சிறிது விட்டு, மீண்டும் கழற்றிப் போட்டால் கியர் விழுந்துவிடும்.

வேலை செய்யும்போது கியர் தானாகவே கழன்றுவிடுமாயின், முதலில் லீவரின் மூட்டுக்களைப் பார்த்தல் வேண்டும். ஊசி தேய்ந்து, துளை அகன்று, நட்டுத் தளர்ந்திருப்பின் லீவர் முழுத் தூரம் செல்லாது. பற்கள் அரைகுறையாகவே கோத்துக்கொள்ளும். ஊசியையும் நட்டையும் மாற்றுவதோடு இப்பிழை நீங்கலாம். மூட்டுக்கள் இறுக்கமாக இருந்தும் ஒரே கியர் மாத்திரம் தொடர்ந்து கழலுமாயின், உள்ளே தடுக்கும் வில்லோ, பற்சில்லை நகர்த்தும் கவரோ, பற்களோ தேய்ந்துள்ளன. அது திருத்துநரின் வேலை.

7. ஒரு பக்கமாக இழுத்தலும் திரும்பாமையும்

இயந்திரம் நேரே செல்லாது ஒரு பக்கம் இழுக்குமாயின், எல்லாவற்றுக்கும் முதலில் இரு ரயர்களின் காற்றையும் பார்த்தல் வேண்டும். காற்றுக் குறைந்த பக்கத்துக்கு இயந்திரம் சாய்ந்து செல்லும். இது மிக எளிய காரணம், ஆகையாலேயே மறக்கப்படுகின்றது.

காற்றுச் சமமாயிருப்பின், கைபிடியின் கீழுள்ள திருப்பும் கிளச்சுகளின் கேபிள்களைப் பார்த்தல் வேண்டும். ஒரு கேபிள் மிக இறுகியிருந்தால் அப்பக்கத்துக் கிளச்சு எந்நேரமும் அரைகுறையாகக் கழன்றே நிற்கும். அச்சில்லு வலுவின்றி உருள, இயந்திரம் அப்பக்கத்துக்குத் திரும்பும். கேபிள் மிகத் தளர்ந்தாலோ, லீவரை இழுத்தும் இயந்திரம் திரும்பாது. இரு லீவர்களிலும் சிறிதளவு வெற்றசைவு சமமாக இருக்கும்படி திருத்துதல் வேண்டும். கேபிளின் உறையினுட் சேறு புகுந்து காய்ந்து துருப்பிடித்தால் அது திரும்பி வராது. உறையின் வாயில் சில துளி எண்ணெய் விட்டுப் பலமுறை இழுத்து விடுதல் பெரும்பாலும் போதுமானது. இழைகள் அறத் தொடங்கிய கேபிளை மாற்றிவிடுதல் வேண்டும்.

பழுதல்லாத ஒன்றைப் பழுதெனக் கருதி விபத்துக்குள்ளாவோரும் உளர். வரம்பிலிருந்தோ குளக்கட்டிலிருந்தோ செங்குத்தாகக் கீழே இறங்கும்போது இடது லீவரை இழுத்தால் இயந்திரம் வலப்பக்கமாகத் திரும்பும். லீவர் இழுத்த பக்கத்துச் சில்லு எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு விரைந்து உருளுவதே இதற்குக் காரணம். ஆகையால் இறக்கத்தில் இந்த லீவர்களைப் பாவியாது, குறைந்த கியரில், கைபிடியாலேயே மெதுவாகத் திருப்புதல் வேண்டும். இறக்கத்திற் கிளச்சைக் கழற்றுவதும், கியரை வெறுநிலையில் விடுவதும் உயிருக்கு ஆபத்தானவை.

8. எண்ணெய் கூறும் செய்தி

கியர்ப்பெட்டியைத் திறவாமலே அதன் உள்நிலையை அறிவதற்கு எண்ணெயே சிறந்த சாட்சியாகும்.

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி அளவு பார்த்தல் வேண்டும். குறைவாயிருப்பின் பற்கள் உலர்ந்து சூடேறித் தேயும். மிகையாயிருப்பின் எண்ணெய் கடையப்பட்டு நுரைத்து, சீல்களின் வழியே வெளியேறும். எவ்வகை எண்ணெய் என்பதைக் கைநூலே தீர்மானிக்க வேண்டும். பல இயந்திரங்களுக்கு எஸ்.ஏ.இ. 90 எனக் குறிக்கப்பட்ட கியர் எண்ணெய் விதிக்கப்பட்டுள்ளது. சிலவற்றுக்கு எஞ்சின் எண்ணெயே விதிக்கப்பட்டுள்ளது. எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைக் கியர்ப்பெட்டியில் விடுதல் சிக்கனமன்று, அழிவாகும்.

எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. ஐயமிருப்பின், எரிபொருளுக்குத் தொலைவில் ஒரு தகரத்தைச் சூடாக்கி அதன்மேல் இரண்டொரு துளி எண்ணெய் விடுக. நீர் கலந்திருந்தால் படபடவென வெடிக்கும். சேற்றுழவு செய்யும் இயந்திரத்தில் அச்சுச் சீலின் வழியே நீர் புகுதல் இயல்பு. வைக்கோலும், நைலோன் நூலும், பழைய வலைத் துண்டும் அச்சிற் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடுகின்றன. நாள்தோறும் உழவு முடிந்ததும் சில்லின் உட்பக்கத்தில் அச்சைச் சுற்றியுள்ளவற்றைக் கத்தியால் அறுத்து நீக்குதல், ஒரு போகத்துக்குள் அச்சின் சீலைக் காக்கும் சிறந்த வழியாகும்.

நீர் புகுந்த எண்ணெயை அப்படியே விட்டு உழுதல் ஆகாது. இயந்திரத்தை ஒரு இரவு அசையாமல் நிறுத்தி, காலையில் அடியிலுள்ள அடைப்பைச் சிறிது இளக்கினால், பிரிந்து தங்கிய நீர் முதலில் வெளிவரும். பின் எண்ணெய் முழுவதையும் வடித்து, சிறிதளவு புதிய எண்ணெய் விட்டு, சுமையின்றிச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு, அதையும் வடித்துவிடுக. சீலை மாற்றிய பின்னரே முழு அளவு புதிய எண்ணெய் நிரப்புதல் வேண்டும். சீலை மாற்றாவிடின் நீர் மீண்டும் புகும். பெட்டியின் மேலுள்ள காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருப்பினும் சீல் கசியுமாதலால் அதையும் சுத்தஞ் செய்தல் வேண்டும்.

வடித்த எண்ணெயைச் சுத்தமான பாத்திரத்தில் ஏந்தி வெயிலிற் பார்த்தல் வேண்டும். அடைப்பில் மெல்லிய சாம்பல்நிறப் பசைபோல் ஒட்டியிருப்பது வழக்கமான தேய்வு. மினுங்கும் தகடுகளோ, விரலில் உறுத்தும் துண்டுகளோ இருப்பின், பல் உடைந்தோ பெயறிங் சிதைந்தோ உள்ளது. அதன்பின் இயந்திரத்தை ஓட்டலாகாது.

வடித்த எண்ணெயைக் கிணற்றங்கரையிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிற்போலச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். குடிநீரும் தோட்டத்துக்கு இறைக்கும் நீரும் அதே நீரே. மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்தல் வேண்டும்.

9. சத்தத்தால் அறிதல்

கியர் வெறுநிலையில் எஞ்சின் ஓடும்போது இரைச்சல் கேட்டு, கிளச்சைக் கழற்றியதும் அது நின்றுவிடுமாயின், கியர்ப்பெட்டிக்குள் நுழையும் அச்சின் பெயறிங்கைச் சந்தேகிக்கலாம். இதற்கு மாறாக, கிளச்சைக் கழற்றும்போது மாத்திரம் இரைச்சல் எழுமாயின், கிளச்சைக் கழற்றும் பெயறிங் தேய்ந்துள்ளது.

ஒரே கியரில் மாத்திரம் சத்தமாயின் அக்கியரின் பற்களிற் பழுது. எல்லாக் கியரிலும் சத்தமாயின் எண்ணெய்க் குறைவு, அல்லது எல்லாக் கியருக்கும் பொதுவான அச்சின் பெயறிங் எனக் கொள்ளலாம். சில்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை "டொக்" என்று கேட்குமாயின், பெட்டியைப் பழிக்குமுன் சில்லின் போல்ட்டுக்களை இறுக்கிப் பார்த்தல் வேண்டும்.

ரொட்டவேற்றர் எனப்படும் சுழல் கலப்பையைப் பூட்டியபோது மாத்திரம் சத்தம் எழுமாயின், அதன் சங்கிலி தளர்ந்திருக்கலாம். சங்கிலியால் இயங்கும் கலப்பைகளில், சங்கிலிப் பெட்டியின் புறத்தேயுள்ள இறுக்கும் ஆணியால் இதனைத் திருத்தலாம். சங்கிலிப் பெட்டியின் எண்ணெய் அல்லது கிறீசையும் அவ்வேளையிற் பார்த்தல் வேண்டும்.

சுழல் கலப்பை சுழலும்போது பின்செல்லும் கியர் போடுதல் கால்களை இழக்கச் செய்யும் செயலாகும். பல இயந்திரங்களில் இவ்விரண்டும் ஒருங்கே விழாதபடி தடுக்கும் அமைப்பு உண்டு. கியர் மாற்றுவதற்கு இடைஞ்சலென்று அதனைக் கழற்றிவிடுதல் எக்காரணத்தாலும் ஆகாது.

10. எவ்விடத்தில் நிறுத்துதல் வேண்டும்

பெல்ற், கிளச்சுக் கம்பி, கேபிள், லீவரின் மூட்டு, எண்ணெய் ஆகியவற்றை வீட்டிலேயே பார்க்கலாம், திருத்தலாம். இவற்றுக்கு வேண்டியன ஒரு தொகுதி ஸ்பனர்கள், ஒரு நூல், சுத்தமான துணி, எண்ணெய் ஏந்தும் பாத்திரம் ஆகியனவே.

கியர்ப்பெட்டியைத் திறத்தல் அத்தகையதன்று. அதனுள்ளே பற்சில்லுகளின் இடைவெளியைத் தீர்மானிக்கும் மெல்லிய வளையங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று இடம் மாறினும் பற்கள் தவறாகப் பொருந்தும். பெயறிங்குகளைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் அவை அன்றே பழுதடையத் தொடங்கும். மணல் துகள் சிறிது புகுந்தாலும் எண்ணெயோடு சேர்ந்து பற்களை அரைக்கும். எண்ணெயில் இரும்புத் துண்டுகள் காணப்படும்போதும், பெட்டியில் வெடிப்புக் காணப்படும்போதும், தூக்கிய சில்லை அசைக்கும்போது அச்சு ஆடும்போதும், வெளியே உள்ளவை யாவும் சரியாயிருந்தும் இயந்திரம் நகராதபோதும் பழகிய திருத்துநரிடம் ஒப்படைத்தலே செலவு குறைந்த வழி.

அவரிடம் செல்லும்போது "கியர்ப்பெட்டி போய்விட்டது" என்று கூறுவது போதாது. எந்தக் கியரில், சுமையோடா சுமையின்றியா, தொடங்கியவுடனா சூடேறிய பின்னா, எவ்விதச் சத்தம், எண்ணெய் எந்நிறம், வெளியே எவற்றைப் பார்த்து முடித்தாயிற்று என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுதல் வேண்டும். வடித்த எண்ணெயிற் சிறிதளவைப் போத்தலொன்றிற் கொண்டு செல்வதும் நன்று. இவ்விவரங்களை அறிந்த திருத்துநர் வேண்டாதவற்றைத் திறக்கமாட்டார். வேண்டாத உறுப்புக்களுக்குக் கமக்காரர் பணம் கொடுக்க நேராது.

11. போகத்துக்கு முன்னும் பின்னும்

உழவு தொடங்கும் நாளுக்கு இரண்டு கிழமைக்கு முன்பே இயந்திரத்தைப் பார்த்துவிடுதல் வேண்டும். பெல்ற்றின் இறுக்கம், கிளச்சின் வெற்றசைவு, கேபிள்களின் ஓட்டம், எண்ணெயின் அளவும் நிறமும், நட்டுக்களின் இறுக்கம் ஆகிய ஐந்தையும் பார்ப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும். மேலதிகமாக ஒரு தொகுதிப் பெல்ற்றும், ஒரு திருப்பும் கேபிளும் வீட்டில் வைத்திருப்பின், உழவு நாளிற் கடை தேடி அலைய நேராது.

புதிய இயந்திரத்தில் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது துகள்கள் கழலுமாதலால், முதல் எண்ணெயைக் கைநூலிற் கூறியபடி விரைவிலேயே மாற்றுதல் வேண்டும். அதன் பின்னர் குறிப்பிட்ட மணித்தியாலங்களுக்கு ஒரு முறை மாற்றினால் போதுமானது. மாற்றிய தேதியைப் பெல்ற் மூடியின் உட்பக்கத்தில் எழுதி வைத்தல் நல்ல வழக்கம்.

போகம் முடிந்ததும் சேற்றைக் கழுவி, அச்சிற் சுற்றியவற்றை நீக்கி, எண்ணெயைப் பார்த்து, பெல்ற்றைச் சிறிது தளர்த்தி, மழைபடாத இடத்தில் நிறுத்துதல் வேண்டும். நீர் புகுந்த எண்ணெயோடு மாதக்கணக்கில் நிற்கும் பெட்டியின் பெயறிங்குகள் துருப்பிடித்து, அடுத்த போகத்தின் முதல் நாளிலேயே தமது குறையைக் காட்டும்.

சுருங்கக் கூறின், இயந்திரம் நின்றுவிட்டால் எஞ்சினிலிருந்து சில்லுவரை சக்தி செல்லும் வழியே ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லுதல் வேண்டும். முதலிற் பெல்ற், அடுத்துக் கிளச்சு, பின்பு லீவர்களும் கேபிள்களும், அதன்பின் எண்ணெய். கியர்ப்பெட்டியைத் திறத்தல் இவை யாவற்றுக்கும் கடைசியிலேயே.